டர்போவை மாற்றுவதா, சரிசெய்வதா: சீலநாயக்கன்பட்டி டர்போ பட்டறை அனுபவம்

பதினான்காவது வளைவில்தான் முதலில் சந்தேகம் வந்தது. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. ஒன்பது வருடமாக வாரத்தில் ஐந்து நாள் அதில் ஏறி இறங்குகிறேன். வீடு அஸ்தம்பட்டியில். வேலை மலைமேல் ஒரு பள்ளியில், இயற்பியல் ஆசிரியை. எந்த வளைவில் எந்த கியர் என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போடும். பதினான்காவதை எப்போதும் இரண்டாவது கியரில்தான் எடுப்பேன். அன்று ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே வர, முதல் கியருக்கு இறக்கி, ஊர்ந்து, ஒருவழியாகத் தாண்டினேன். பின் சீட்டில் இருந்த தமிழ் டீச்சர், "என்னாச்சு, நாலு பேரு ஏறினது பாரமா?" என்று கேட்டார். அதே நாலு பேர்தான் நாலு வருடமாக ஏறுகிறோம்.

என் வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். அப்போது 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அந்தப் பதினான்காவது வளைவுக்கு முன்பே வண்டி என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலம் கலந்த புகை. ஏறும்போது மெல்லிய விசில் சத்தம், வேகம் கூடக்கூட அதுவும் கூடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் மட்டம் இரண்டு மாதத்தில் குறியைவிட்டுக் கீழே. சமதளத்தில், அதாவது வீட்டிலிருந்து கோரிமேடு வரைக்கும், எந்த வித்தியாசமும் தெரியாது. அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்தால்தான் தெரியும்.

மலையில் டர்போ ஏன் இவ்வளவு முக்கியம் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது, இழுவை போய்விடும். வெளியேறும் புகையின் வேகத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது டர்போ. 1,248 சி.சி. இன்ஜின் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சேர்வராயன் மலை ஏறுகிறது என்றால் பாதிப் புண்ணியம் இந்தக் கைக்கடக்கமான பொருளுக்குத்தான்.

முதலில் காட்டிய இடம் எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு ஒர்க்ஷாப். பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் வேலை வந்துடுச்சுங்க மேடம், ரிங், பிஸ்டன் எல்லாம் மாத்தணும், எண்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. இரண்டாவதாக ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். அங்கே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, டர்போதான் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் அவர்களிடம் ஒரே வழிதான்: முழு டர்போவும் புதிது. பொருள் 41,000, கழற்றி மாட்டும் கூலி 6,000. அவர்கள் ஏமாற்றவில்லை. டர்போவைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பட்டறையைச் சொன்னது எங்கள் பள்ளிக்குக் காய்கறி கொண்டுவரும் வேன் டிரைவர். சீலநாயக்கன்பட்டி பைபாஸ் தாண்டி நாமக்கல் போகிற வழியில், லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், உள்தள்ளிய ஒரு ஷெட். போர்டில் 'டர்போ சர்வீஸ்' என்று மட்டும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். கார் என்ற சொல்லே போர்டில் இல்லாததால் நான் முதலில் தாண்டிப் போய்விட்டேன்.

போன பிறகுதான் புரிந்தது, டர்போ வேலைக்குச் சேலத்தைவிட நல்ல ஊர் தேட வேண்டியதில்லை என்று. சுற்றிலும் சங்ககிரி, நாமக்கல் லாரிகள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், அதாவது இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரிகள். ஒரு ரிக் வண்டி ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எதை மாற்ற வேண்டும், எதைக் காப்பாற்றலாம் என்ற கணக்கு இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஊறிப்போன விஷயம். காருக்கு வந்த எனக்கும் அந்த அனுபவம் கைகொடுத்தது.

பட்டறைக்காரர் ஐம்பது வயதுக்காரர். உதவிக்கு ஒரு தம்பி. நான் 'அண்ணா' என்று கூப்பிட, அவர் கடைசிவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார். போனவுடன் டர்போவைத் தொடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றையும் கையால் தடவி, மடிப்புகளை விரித்துப் பார்த்தார். ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இதே விசில், இதே இழுவைக் குறைவு வருமாம். "முன்னூறு ரூபா கிளிப்புல தீர்ற பிரச்சினைக்கு டர்போ மாத்திட்டு வந்து அழுதவங்க இருக்காங்க டீச்சர்." என் ஹோஸில் குறையில்லை. அதன்பிறகு ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். மெல்லிய மூச்சுபோலத்தான் இருந்தது. ரிங் போயிருந்தால் பலமாக அடிக்கும், அதனால் இன்ஜின் வேலை தேவையிருக்காது என்றார். எண்பத்தைந்தாயிரம் ரூபாய்ப் பயம் அங்கேயே பாதி போய்விட்டது. மீதிப் பயம் போக அழுத்தம் பார்க்கும் கருவியை மாட்டி நாலு சிலிண்டரையும் அளந்து காட்டினார். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அப்புறம்தான் டர்போ கீழே இறங்கியது. கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. எதிரே தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இனிமேல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மேசையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் டர்போவை வைத்தார். நத்தை ஓடு மாதிரி இரண்டு கூடுகள், நடுவில் ஒரு சின்ன உருளை. ஒரு பக்கக் கூடு அலுமினியம், வெள்ளையாக இருக்கும். புகை போகும் பக்கம் வார்ப்பிரும்பு, துரு நிறம். தண்டின் மூக்கை என் விரலால் பிடிக்கச் சொன்னார். "பக்கவாட்டுல ஆட்டுங்க." லேசாக ஆடியது. "இது இருக்கணும். இந்தத் தண்டு பேரிங்கைத் தொட்டுக்கிட்டுச் சுத்தறதில்ல, நடுவுல இருக்கற எண்ணெயில மிதந்து சுத்துது. எண்ணெய் நிக்க இடம் வேணும்ல?" இப்போது முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கச் சொன்னார். 'டக்' என்று விரலில் தட்டியது. மிகச் சின்னத் தட்டுதான், ஆனால் தெளிவாகத் தெரிந்தது. "இதுதான் இருக்கக் கூடாது."

டயல் கேஜை வைத்து அளந்தார். முள் 0.18 மில்லிமீட்டரில் நின்றது. 0.1 தாண்டிவிட்டால் அவர் அந்தத் தண்டைத் திரும்ப மாட்ட மாட்டாராம். தலைமுடியின் பருமனே கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். அதில் இரண்டரை மடங்குக்காக ஒரு வண்டி மலை ஏறாமல் நிற்கிறது. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகிற பொருளில் ஒரு முடி அளவுகூடப் பெரிதுதான். வகுப்பில் கோணத் திசைவேகம் நடத்தும்போது மின்விசிறியை உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

அலுமினியக் கூட்டுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரத்தின் இதழ் நுனிகள் கூட்டின் உள்சுவரில் உரசி, நகத்தால் கீறியதுபோல ஒரு வெள்ளிக் கோடு. அதில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் கூடும் போயிற்று என்று அர்த்தம். இரும்புக் கூட்டில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தடவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் அதற்குள் ஊறிய எண்ணெய் பொடியில் கோடாக வந்து நிற்கும். எதுவும் வரவில்லை. அளவுக்கு மேல் போகும் புகையைத் திருப்பிவிடுகிற வேஸ்ட்கேட் கதவையும், அதை இழுக்கும் ஆக்சுவேட்டரையும் கைப்பம்பால் காற்றடித்துச் சோதித்தார். கம்பி நகர்ந்தது, காற்றை விட்டவுடன் திரும்பி வந்தது.

ஆக, இரண்டு கூடும் நல்ல நிலை, ஆக்சுவேட்டர் நல்ல நிலை, நடுவில் இருக்கும் தண்டும் பேரிங்கும் மட்டும் தேய்ந்துவிட்டன. இதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுவதா சரிசெய்வதா என்ற கேள்வியே வேறு மாதிரி ஆகிவிட்டது. முழு டர்போ வாங்கினால் நான் காசு கொடுப்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே என்னிடம் நன்றாக இருக்கும் இரண்டு கூடுகளுக்காகத்தான்.

அவர் மூன்று வழி சொன்னார். முதலாவது கிட். பேரிங், ரிங், சின்னச் சின்ன சாமான்கள் மட்டும் மாற்றி, பழைய தண்டையே வைத்துக் கட்டுவது. ஏழாயிரத்துக்குள் முடியும். ஆனால் என் தண்டில் பேரிங் உட்காரும் இடத்தில் நிறம் நீலமாக மாறியிருந்தது. சூட்டில் வெந்த இரும்பின் நிறம் அது. வெந்த தண்டில் புது பேரிங் போட்டால் ஆறு மாதம் தாங்காது என்றார். போதாக்குறைக்கு, கிட் போட்டால் தண்டையும் சக்கரங்களையும் சேர்த்துத் திரும்ப பேலன்ஸ் செய்ய வேண்டும், அதாவது சுற்றும்போது அதிராதபடி எடையைச் சமன் செய்ய வேண்டும். அதற்கான மெஷின் அவரிடம் இல்லை, கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். பேலன்ஸ் செய்யாமல் கட்டிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதீர்கள் என்று அவரே சொன்னார்.

இரண்டாவது கோர். நடு உருளை, தண்டு, இரண்டு சக்கரம், பேரிங் எல்லாம் சேர்ந்து புதிதாக, கம்பெனியிலேயே பேலன்ஸ் செய்து, அந்தச் சோதனைத் தாளோடு வரும். அதை என் பழைய கூடுகளுக்குள் வைத்துக் கட்டுவது. அதிலும் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கோர் இருந்தது, 13,800-க்கு ஒரு கோர் இருந்தது. இரண்டையும் கையில் கொடுத்தார். விலை குறைந்ததில் சோதனைத் தாள் இல்லை. மூன்றாவது வழி முழு டர்போ.

என் கணக்கை ஒளிவில்லாமல் சொல்கிறேன். தனியார் காரின் பதிவு பதினைந்து வருடம். என் வண்டிக்கு 2028-இல் முடியும். அதன்பிறகு புதுப்பித்து ஓட்டலாம், ஆனால் அதுவரைக்கும் என்று வைத்துக்கொண்டால் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். வண்டியை விற்று வேறு டீசல் வாங்கலாம் என்றால், மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இந்த 1.3 லிட்டர் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. புன்ட்டோ, இண்டிகா விஸ்டா என்று நம் ஊரில் ஏகப்பட்ட வண்டிகளில் ஓடிய இன்ஜின், அதனால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. நாற்பத்தேழாயிரம் போட்டு முழு டர்போ மாற்றுவது என் வண்டிக்கு அதிகம். ஏழாயிரம் போட்டு மழைநாளில் பதினான்காவது வளைவில் மறுபடி நிற்பது அதைவிட அதிகம். 13,800 கோர் என்று முடிவெடுத்தேன். மலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவள் சோதனைத் தாள் இல்லாத பொருளை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

முடிவு சொன்ன பிறகும் அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "இது ஏன் தேஞ்சுதுன்னு பாக்காம புதுசு போட்டா, அதுவும் தேயும்." அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மேல போய்ச் சேந்ததும் என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

என்ன பண்ணுவேன்? காலை வழிபாட்டுக்கு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். கேட்டுக்குள் நுழைந்து, மரத்தடியில் நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டு ஓடுவேன். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

அவர் டர்போவுக்கு எண்ணெய் வரும் மெல்லிய குழாயை எடுத்து, ஒரு முனையில் டீசல் ஊற்றினார். மறுமுனையில் தாரையாக வர வேண்டியது சொட்டுச் சொட்டாக விழுந்தது. உள்ளே கரி. இருபது வளைவு ஏறி வந்த டர்போ அடுப்புபோலக் கொதித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் ஓடும்வரை எண்ணெய் ஓடி அந்தச் சூட்டை எடுத்துப் போகும். என் வண்டியின் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது, எண்ணெய் மட்டும்தான். சாவியைத் திருப்பிய அந்த நொடியே எண்ணெய் ஓட்டம் நின்று, நின்ற இடத்திலேயே வெந்து கரியாகிறது. தினம் ஒரு துளிக் கரி. ஒன்பது வருடம். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு வெப்பம் எங்கே போகும் என்று தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அந்தக் குழாயை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன்.

குழாய் புதிது 1,450 ரூபாய். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு கிளிப் உடைந்து, மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்ததையும் கண்டுபிடித்தார். அந்த வழியாகப் புழுதி உள்ளே போயிருக்கிறது. அதற்குப் பணம் வாங்கவில்லை, பழைய கிளிப் ஒன்றைத் தேடி மாட்டிவிட்டார். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்தால் ஒரு டீ கிளாஸ் அளவு எண்ணெய் கொட்டியது. இதைக் கழுவாமல் விட்டால் அந்த எண்ணெயையே டீசல்போல எரித்து இன்ஜின் நிறுத்த முடியாமல் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டாம். முழு டர்போ மாற்றச் சொன்ன இடத்தின் கொட்டேஷனில் குழாயும் இல்லை, இன்டர்கூலர் கழுவுவதும் இல்லை.

இனி குறைகள். புதன்கிழமை தருகிறேன் என்றார். திங்களன்று விட்ட வண்டி சனிக்கிழமை மாலைதான் கைக்கு வந்தது. கோர் பார்சலில் வரத் தாமதம் என்பது நிஜம்தான், பார்சல் சீட்டைக் காட்டினார். ஆனால் ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, கையில் கிரீஸ் என்று தம்பிதான் சொல்வான். ஐந்து நாளும் நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில் போனோம், ஒரு நாள் முதல் பீரியடைத் தவறவிட்டேன். இரண்டாவது குறை, உட்கார இடமில்லை. டயர்மேல் பலகை போட்டு ஒரு இடம், அதுவும் வெயிலில். பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நல்ல வேலை செய்கிற பட்டறைகளுக்குப் பெண்கள் தனியாக வண்டி எடுத்து வரத் தொடங்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இதை அவரிடமே சொன்னேன். தலையை ஆட்டினார், செய்வார் என்று நம்புகிறேன். பில்லும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் கேட்டதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, கோரின் எண்ணையும் குறித்து, ஆறு மாத வாரன்ட்டி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கோர் 13,800. கேஸ்கெட், போல்ட் 900. எண்ணெய்க் குழாய் 1,450. இன்ஜின் ஆயில், ஃபில்டர் 2,900. இன்டர்கூலர் கழுவியது 600. கழற்றி மாட்டிய கூலி 4,500. மொத்தம் 24,150. பழைய கோரையும் கையில் கொடுத்துவிட்டார்.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய்க் குழாயை மாட்டுவதற்கு முன் ஊசி இல்லாத சிரிஞ்சில் புது எண்ணெய் எடுத்து, கோரின் துளைக்குள் செலுத்தி, சக்கரத்தை விரலால் சுற்றினார். இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் சில சுற்று. அடுத்து, டீசல் போகாதபடி இணைப்பை எடுத்துவிட்டு, பத்து நொடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை இரண்டு முறை. அதன்பிறகுதான் இன்ஜின் ஓடியது, ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. புது டர்போ சாகிறதென்றால் பெரும்பாலும் இந்த முதல் அரை நிமிடத்தில் எண்ணெயில்லாமல் சுற்றித்தான் சாகும் என்றார். முதலில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தது. சைலன்சரில் தங்கியிருந்த பழைய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம் என்றார். அடிவாரம் போவதற்குள் நின்றுவிட்டது.

அந்த ஆறு நாளில் மூன்று முறை போனதில் மற்றவர்கள் வேலையையும் பார்த்தேன். என் முடிவு எல்லோருக்கும் பொருந்தாது என்று சொல்வதற்காக அதையும் எழுதுகிறேன். எர்டிகா ஒன்று வந்திருந்தது. அதில் இருப்பது வேறு வகை டர்போ, புகைப் பக்கத்தில் திறந்து மூடும் சின்னச் சின்ன இதழ்கள் உண்டு. அதில் கரி படிந்து இதழ்கள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்டில் ஆட்டமே இல்லை. பிரித்துச் சுத்தம் செய்து, எதையும் மாற்றாமல் திரும்பக் கட்டிக் கொடுத்தார், மூவாயிரத்து ஐந்நூறு வாங்கினார். அந்த வகையில் ஓரத்தில் இருக்கும் செட்டிங் திருகை யாரும் திருகிவிடக் கூடாது என்று அந்தக் கார்க்காரரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

இன்னொரு நாள் திருச்செங்கோட்டு ரிக் லாரியின் டர்போ. காற்றை அழுத்தும் சக்கரத்தின் இதழ்கள் நுனியெல்லாம் எலி கொறித்த தேங்காய் மாதிரி. கல்லுப் புழுதி தின்ற வேலை. ஒரு இதழ் உடைந்து உள்ளே போயிருந்தது. இரும்புக் கூட்டிலும் விரல் நுழையும் விரிசல். அந்த முதலாளி, "கோர் மட்டும் போட்டுக் குடுங்கண்ணா, சமாளிச்சுக்கறேன்" என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "முழுசா புதுசு வாங்குங்க, உடைஞ்ச துண்டு எங்க போச்சுன்னு இன்ஜினைத் திறந்து பாருங்க. அதுக்கப்புறம் நான் மாட்டித் தரேன்." வருகிற வேலையை வேண்டாம் என்று அனுப்பினார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது என் வண்டியில் அல்ல, அந்த லாரியில்தான். பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த டர்போவை மாட்டித் தரச் சொல்லி வந்த இன்னொருவரையும் அதேபோல் திருப்பி அனுப்பினார்.

வேலை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. விசில் இல்லை, நீலப் புகை இல்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் இம்மியும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். பதினான்காவது வளைவு இரண்டாவது கியரில். நவம்பர் மூடுபனியில், குப்பனூர் வழியாக ஏறியபோதும் இழுவையில் குறை தெரியவில்லை. ஆறு மாதம் முடிவதற்குள் ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனேன். ஹோஸைக் கழற்றி, தண்டைத் தள்ளி இழுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு டீச்சர்" என்று மாட்டிவிட்டார். காசு வாங்கவில்லை.

இப்போது வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம். கடைசி வளைவு தாண்டி ஏரிக்கரை வந்தவுடன் மெதுவாகவே ஓட்டுகிறேன். மரத்தடியில் நிறுத்திய பிறகு இரண்டு நிமிடம் இன்ஜின் அப்படியே ஓடும். தமிழ் டீச்சர் அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொள்கிறார். மற்ற இருவரும் முன்னால் போய்விடுகிறார்கள்.

பட்டறை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலை ஒன்பதரைக்கு முன் போனால் தம்பி மட்டும்தான் இருப்பான். போன் செய்து காத்திருப்பதைவிட நேரில் போய்விடுவது நல்லது. கடைசியாக எப்போது, எந்த எண்ணெய் மாற்றினீர்கள் என்பதற்கான பில்லைக் கையோடு எடுத்துப் போங்கள். அண்ணா முதலில் அதைத்தான் கேட்பார்.